அமரில்லிஸா, மழை லில்லியா? இருக்கும் ஒரு பாத்திக்கு எதை நடுவது

ஒருமுறை ஊன்றினால் போதும், ஆண்டுதோறும் தானாகத் துளிர்த்துப் பூக்க வேண்டும்; விதை வாங்கி, நாற்று விட்டு, மறுபடி மறுபடி நட்டுக்கொண்டிருக்க முடியாது. இப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் கிழங்குச் செடிகளைத்தான் சொல்வேன். எந்தக் கிழங்கு என்று பேச்சு நகர்ந்தால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் மிஞ்சும். ஒன்று அமரில்லிஸ்: முழங்கால் உயரத் தண்டின் உச்சியில், விரித்த கையளவுக்கு மூன்று நான்கு பூக்கள். மற்றது மழை லில்லி: புல் போல ஒதுங்கிக் கிடந்துவிட்டு, நல்ல மழை பெய்த சில நாளில் தரை முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்களாகப் பூப்பது.

பூவின் படத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமரில்லிஸ்தான் ஜெயிக்கும். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பலரும் இரண்டாம் ஆண்டில் “இலை மட்டும்தான் வருகிறது, பூவே இல்லை” என்று வந்து நிற்கிறார்கள். நானும் அப்படி நின்றவன்தான். அதனால் இந்த இரண்டையும் பூவின் அழகை வைத்து ஒப்பிடாமல், அந்தப் பூ எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து ஒப்பிட விரும்புகிறேன். அது புரிந்தால் உங்களுக்கு எது என்பது பாதி தெரிந்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நாற்றுப் பண்ணையில் அமரில்லிஸ் என்று கேட்டால் கையில் கொடுப்பது ஹிப்பியாஸ்ட்ரம். தாவரவியலில் அமரில்லிஸ் என்ற பெயர் தென்னாப்பிரிக்காவில் வளரும் வேறொரு செடிக்கு உரியது. அது இலைகளெல்லாம் காய்ந்து போன பிறகு வெறும் தரையிலிருந்து தண்டை மட்டும் நீட்டிப் பூக்கும். எந்தச் செடிக்கு இந்தப் பெயர் என்று தாவரவியலாளர்கள் நெடுங்காலம் வாதாடி, 1987-இல் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில்தான் தென்னாப்பிரிக்கச் செடிக்கே என்று முடிவு செய்தார்கள். உங்களிடம் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால், பூத்து முடிந்த தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே குழல் போல வெற்றிடம் இருந்தால் ஹிப்பியாஸ்ட்ரம். ஆனாலும் எல்லோரும் அமரில்லிஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். அதேபோல, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருப்பதால் இரண்டையும் குமிழ் என்று சொல்வதுதான் சரி. செடி வளர்ப்பவர்கள் வாயில் அது கிழங்குதான்.

இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். இரண்டு பேரினங்களுக்கும் பெயர் வைத்தவர்கூட ஒருவரே. வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1821-இல் ஒன்றுக்கு ஹிப்பியாஸ்ட்ரம் என்றும் மற்றதற்கு செஃபிராந்தஸ் என்றும் கிரேக்கத்திலிருந்து பெயரெடுத்தார். முதலாவது குதிரைவீரனின் நட்சத்திரம், இரண்டாவது மேற்குக் காற்றின் பூ. இவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தும் பூக்கும் விதத்தில் இரண்டும் நேரெதிர்.

அமரில்லிஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

அழுகிப் போன பெரிய கிழங்கு ஒன்றை ஒருமுறை நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலத்தில் இலையாக இருந்ததன் அடிப்பகுதி. இலை மேலே காய்ந்து போனாலும் அதன் அடி தடித்து உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த அடுக்குகளுக்கு நடுவே, ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒன்று என்ற கணக்கில் பூமொட்டு உருவாகிறது. உருவான மொட்டு உடனே வெளியே வருவதில்லை. கிழங்குக்குள்ளேயே ஓராண்டு போல வளர்ந்துதான் தண்டாக எட்டிப் பார்க்கிறது. அதாவது, இன்று உங்கள் தொட்டியில் விரிந்திருக்கும் பூவுக்கான வேலை போன ஆண்டு இலைகளிலேயே முடிந்துவிட்டது. இந்த ஆண்டு இலைகளை நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்களோ அது அடுத்த ஆண்டுப் பூவில் தெரியும்.

இது தெரியாமல் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். என் முதல் அமரில்லிஸ் சிவப்பு நிறம். வாங்கிய ஆண்டே இரண்டு தண்டு விட்டு எட்டுப் பூ பூத்தது. பூ முடிந்ததும் நீளநீளமாக வந்த இலைகள் தொட்டிக்கு வெளியே சரிந்து விழுந்தன. பார்க்க ஒழுங்காக இல்லையே என்று கத்தரித்துவிட்டேன். மறுபடி வந்தன, மறுபடி கத்தரித்தேன். அடுத்த ஆண்டு பூ இல்லை, அதற்கடுத்த ஆண்டும் இல்லை. தோண்டிப் பார்த்தால், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்த கிழங்கு சின்ன வெங்காய அளவுக்கு வந்திருந்தது. செடிக்குச் சாப்பாடு போடும் கையையே நான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை மீட்டுப் பூக்க வைக்க இன்னும் இரண்டு ஆண்டு ஆனது.

அதனால் அமரில்லிஸ் நட நினைப்பவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பூவே இல்லாத எட்டு ஒன்பது மாதங்கள், வெறும் பச்சை இலைப் பட்டைகளுக்கு வெயில் காட்டி, தண்ணீர் விட்டு, உரம் போட்டுப் பார்த்துக்கொள்ள மனமிருக்கிறதா? இருந்தால் இது ஏமாற்றாது. நான் இலைகளை எண்ணிக் குறித்து வைப்பேன். ஒரு பருவத்தில் எட்டு நல்ல இலை வந்தால் மறு ஆண்டு இரண்டு தண்டு எதிர்பார்க்கலாம். நான்குதான் வந்தது என்றால் ஒன்று. கிழங்கு சிறியதாக இருந்தால் உள்ளே உருவான மொட்டு வெளியே வராமல் அங்கேயே கருகியும் போகும். அதனால்தான் வாங்கும்போது சுற்றளவு பார்க்கச் சொல்வது. 20 செ.மீ.க்குக் குறைவான கிழங்கு அந்த ஆண்டு பூப்பது சந்தேகம். 26 செ.மீ. தாண்டியதை நம்பி வாங்கலாம். 30-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இரண்டு தண்டு. கையில் எடுத்து அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். கழுத்துப் பகுதி மெத்தென்று இருந்தால் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம்.

சரி, மழை லில்லி? இதன் பூ இலைக் கணக்கில் வருவதல்ல, தவிப்பில் வருவது. மண் காய்ந்து கிடக்கும்போது சின்னக் கிழங்குக்குள் மொட்டு தயாராகிக் காத்திருக்கிறது. நல்ல மழை ஒன்று மண்ணை ஆழமாக நனைத்ததும், மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் பென்சிலைவிட மெல்லிய தண்டு ஒன்று மேலே வந்து ஒற்றைப் பூ விரிக்கிறது. நேற்று மாலை வரை புல்லாக இருந்த இடம் இன்று காலை வெளேரென்றோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் காலையை மறக்கவே மாட்டார்கள். எத்தனை முறை பார்த்திருந்தாலும், பெருமழைக்குப் பிறகு நான்காம் நாள் காலையில் எனக்குக் கால்கள் தானாகத் தோட்டத்துப் பக்கம்தான் போகின்றன.

ஒரு பூ ஒரு நாளிலிருந்து மூன்று நாள்தான். மாலையானால் மூடிக்கொள்ளும், வெயில் வந்தால் திறக்கும். கூட்டமாகப் பூக்கும்போது ஒரு வாரம் களைகட்டும், பிறகு மறுபடி புல். ஆனால் அமரில்லிஸ் போல அத்தோடு ஆண்டு முடிந்துவிடவில்லை. இன்னொரு வறட்சி, இன்னொரு மழை, இன்னொரு பூப்பு. ஒரே பருவத்தில் இப்படி நான்கைந்து முறை என் பாத்தியில் பூத்ததுண்டு.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. தினமும் பாசமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களிடம் மழை லில்லி இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், பூவில் சுணங்கும். நான் செய்வது இரண்டு மூன்று வாரம் கண்டுகொள்ளாமல் காயவிட்டு, பிறகு ஒரே நாளில் மண் ஆழம் வரை ஊறும்படி நனைப்பது. அப்படிச் செய்தால் மழை வராத மாதங்களிலும் பூக்கிறது. உண்மையான மழைக்குப் பூக்கும் அளவுக்கு என்னிடம் அது பூத்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளை மழை லில்லி மட்டும் இந்தக் கணக்கில் சற்று விலகி நிற்கும். ஈர நிலத்துச் செடி என்பதால் நனைந்த மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். அதன் முக்கியமான பூக்காலம் கோடையின் கடைசியும் அதற்கடுத்த குளிர்ச்சியான மாதங்களும். இலையும் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே இருக்கும். காயவிடத் தயங்குகிறவர்கள், தண்ணீர் தேங்குகிற மூலை வைத்திருப்பவர்கள் இதில் ஆரம்பிக்கலாம்.

எண்ணிக்கையிலும் இரண்டும் வேறு வேறு. அமரில்லிஸ் ஒன்றே ஒன்று இருந்தாலும் தொட்டி நிறைந்த மாதிரி தெரியும். மழை லில்லியைப் பத்துக் கிழங்கு வாங்கி, இடைவெளி விட்டு நட்டுவிட்டு, “பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே” என்று சொல்வதில் அர்த்தமில்லை. அது கூட்டத்தில் அழகு. ஐந்திலிருந்து எட்டு செ.மீ. இடைவெளியில் ஐம்பது கிழங்காவது சேர்ந்தால்தான் அதன் முகம் தெரியும். தொட்டி என்றால் 20 செ.மீ. அகலத்துக்குப் பத்துப் பதினைந்து கிழங்கை நெருக்கமாக ஊன்றுங்கள். நெருக்கத்தை அது தாங்கும்.

நல்ல வேளையாக, ஐம்பதாகப் பெருக்குவதில் மழை லில்லிக்கு அவசரம் அதிகம். பக்கத்தில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து நட்டால் போதும். மஞ்சள் வகை இன்னும் வேகம். பூ உதிர்ந்த இடத்தில் மூன்று அறைக் காய் வைத்து, கறுப்பான தட்டை விதைகளைக் கொட்டும். அந்த விதையில் வருவதும் தாயைப் போலவே இருக்கும். விதையை எடுத்து வைத்துப் பழையதாக்காமல் உடனே தூவினால் ஓரிரண்டு வாரத்தில் முளைத்து, ஒன்றிரண்டு ஆண்டுக்குள் பூக்கும். பெரிய இளஞ்சிவப்புப் பூ விடும் வகை பெரும்பாலும் விதை வைப்பதில்லை, குட்டிகள் மூலம்தான் பெருகும்.

அமரில்லிஸுக்குப் பெருகும் வேகம் இல்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டி வரலாம், சில வகைகளில் அதுவும் வராது. குட்டி பூக்க இரண்டு மூன்று ஆண்டு, விதை போட்டால் மூன்று நான்கு ஆண்டு. ஆனால் விதை போடுவதில் ஒரு பெரிய சுகம் இருக்கிறது. இரண்டு நிறங்களைக் கையால் மகரந்தம் சேர்த்து விதை எடுத்தால், வரும் ஒவ்வொரு நாற்றும் தனித்தனிப் பூ. உலகின் முதல் அமரில்லிஸ் கலப்பினத்தை உருவாக்கியவரும் தாவரவியலாளர் இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற ஊரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஆர்தர் ஜான்சன், 1799-இல் இரண்டு காட்டு வகைகளைச் சேர்த்து அதைச் செய்தார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்தச் சிவப்பு வகை, இருநூறு ஆண்டு கடந்து இன்றும் தோட்டங்களில் பூத்துக்கொண்டிருக்கிறது. பக்கக் கிழங்காகக் கைமாறிக் கைமாறி வந்த அதே செடிதான். நட்டதை நெடுநாள் வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இனி இடம். இங்கே உங்கள் விருப்பத்தைவிட உங்கள் மண்ணும் வானிலையும் சொல்வதைக் கேட்பது நல்லது.

உறைபனி விழாத, வெப்பமான இடம் என்றால் இரண்டும் தரையிலேயே நிரந்தரமாக வாழும். அங்கே அமரில்லிஸுக்கு எதிரி அடைமழை. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி, மேட்டுப் பாத்தியில், தண்ணீர் நிற்காமல் ஓடும் மண்ணில்தான் வைக்க வேண்டும். களிமண் இடத்தில் ஒரே மழைக்காலத்தில் மூன்று கிழங்கை அழுகக் கொடுத்திருக்கிறேன். அதே மண்ணில் மழை லில்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்காலத்தில் உறையும் நாட்டில் இருப்பவர்களுக்குக் கதை தலைகீழ். அமரில்லிஸைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தால், எட்டுப் பத்து வாரம் தண்ணீர் இல்லாமல் 13 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிர்ச்சியில் ஓய்வு கொடுத்து, பிறகு வெதுவெதுப்பான ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் காட்டினால், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூக்கும். வெளியே எல்லாம் மொட்டையாக நிற்கும்போது உள்ளே இவ்வளவு பெரிய பூ வேறு எதில் கிடைக்கும்? மழை லில்லிக்கு ஜன்னலோரம் அவ்வளவாக ஒத்துவருவதில்லை. நேரடி வெயில் குறைந்தால் பூ குறையும், மொட்டு திறக்கவும் தயங்கும். அதில் வெள்ளை வகைதான் லேசான உறைபனியை வெளியிலேயே தாங்கும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம். மழை லில்லிக்கு நாளில் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். அமரில்லிஸுக்குக் காலை வெயிலும் மதிய நிழலும் கிடைத்தால் சுகம். உச்சி வெயில் கொளுத்தும் இடத்தில் அதன் அகன்ற இலை வெந்து போகும். அதனால் மரத்தடியின் ஓரமா, கிழக்குச் சுவரா, அது அமரில்லிஸின் இடம். திறந்த வெளியா, நடைபாதையின் இரண்டு ஓரமா, மழை லில்லி.

தொட்டியில் அமரில்லிஸ் வைக்கும்போது செய்ய வேண்டியதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் பெரிய தொட்டிதான் நல்லது என்று நினைக்கிறார்கள். கிழங்குக்கும் தொட்டியின் சுவருக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் போதும். அதைவிடப் பெரிதானால் நடுவில் மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். கிழங்கின் மேல் பாதி, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, வெளியே தெரிய வேண்டும். தொட்டி கனமானதாக இருக்கட்டும். நான்கு பூ விரிந்ததும் தலை கனத்து, இலேசான தொட்டி காற்றுக்குச் சாய்ந்துவிடும். மண்ணில் மணல் சேர்த்து, மக்கிய எரு சேர்த்து வைத்தால் சரி. பூ முடிந்தபின் இலை வளரும் மாதங்களில் சாம்பல் சத்து கூடிய உரம், தழைச்சத்து மிதமாக. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை கொழுத்துச் சரியும், நோயும் சீக்கிரம் வரும்.

மழை லில்லிக்கு இந்த அளவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றிலிருந்து ஐந்து செ.மீ. ஆழம், ஆண்டுக்கு ஒரு கை எரு. ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் முக்கியமான எச்சரிக்கை: பூக்காத நாட்களில் அது அச்சு அசல் புல். களை பறிக்க வருகிறவர் மனசாட்சியோடு வேலை செய்தால் உங்கள் பாத்தியே காலியாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மூன்று ஆண்டுப் பெருக்கம் அரை மணி நேரத்தில் குப்பைக் குவியலுக்குப் போயிருக்கிறது. பாத்தியின் ஓரத்தில் கல் வரிசை வைத்து எல்லை காட்டிவிடுங்கள்.

பூச்சி, நோய் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே எதிரிதான் பெரிய எதிரி. லில்லிப் புழு என்பார்கள். கறுத்த உடலில் வெள்ளைப் புள்ளிகளும் செம்மஞ்சள் பொட்டுகளுமாகப் பார்த்ததும் அடையாளம் தெரியும். கூட்டமாக வந்து இலையை அரித்துத் தின்று, விட்டால் கழுத்து வழியே கிழங்குக்குள்ளும் இறங்கும். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் இலையே இருக்காது. காலையிலும் மாலையிலும் இலையின் அடிப்பக்கம் பார்த்து, முட்டைக் குவியலாக இருக்கும்போதே துடைத்தெடுப்பதுதான் சிறந்த மருந்து. சேதத்தின் விலையில்தான் வித்தியாசம். மழை லில்லி இலையெல்லாம் போனாலும் ஓரிரு வாரத்தில் துளிர்த்து, அடுத்த மழைக்குப் பூத்தாலும் பூத்துவிடும். அமரில்லிஸில் இலை போனால் மறு ஆண்டுப் பூவும் அதோடு போகிறது.

அமரில்லிஸுக்கென்று தனியாக ஒரு நோயும் பார்த்துக்கொள்ள வேண்டும். இலையிலும் தண்டிலும் செந்நிறத் திட்டுகள் வந்து, அந்தப் பக்கம் தண்டு வளைந்து போவது ஒரு பூஞ்சை நோய். தலையோடு தண்ணீர் ஊற்றாமல் மண்ணில் மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் சிவப்பைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். சாதாரணக் கீறல், அடி பட்ட இடமும் இந்தச் செடியில் சிவந்துதான் ஆறும். பரவுகிறதா என்று சில நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இலையில் மஞ்சள் கோடுகள் கலந்து தேமல் போல வந்தால் அது வைரஸ். அந்தக் கிழங்கை எடுத்து அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கத்தியையும் கழுவுங்கள்.

குழந்தைகளும் நாய் பூனைகளும் உள்ள வீடு என்றால், இரண்டுமே நஞ்சு என்பதைத் தெரிந்து நட வேண்டும். லைகோரின் என்ற நச்சுப்பொருள் இந்தக் குடும்பம் முழுக்க உண்டு, கிழங்கில்தான் அதிகம். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. இதில் மழை லில்லிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அதன் கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், இலையும் வெங்காயத்தாள் போல. கீரை, காய்கறி வளர்க்கும் பாத்திக்குப் பக்கத்தில் இதை நடவே நடாதீர்கள். பிரித்தெடுத்த கிழங்குகளைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

மணம் வேண்டும் என்று இந்த இரண்டில் எதையாவது தேடுகிறீர்கள் என்றால், இரண்டும் வேண்டாம். அதற்குச் சம்பங்கிதான். நாம் பொதுவாக வாங்கும் அமரில்லிஸ் கலப்பினங்களிலும் மழை லில்லிகளிலும் மணம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிறங்களில் அமரில்லிஸ் சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், கோடு போட்டது, அடுக்குப் பூ என்று கடல் போல விரிகிறது. பட்டாம்பூச்சி அமரில்லிஸ் என்று ஒன்று இருக்கிறது, பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளைச் சேர்ந்தது. வெளிர் பச்சையில் கருஞ்சிவப்புக் கோடுகள். அதை மட்டும் காயவிட்டு ஓய்வு கொடுக்கத் தேவையில்லை, ஆண்டு முழுக்க இலையோடே இருக்கட்டும். மழை லில்லியில் முன்பெல்லாம் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் இந்த மூன்றோடு சரி. இப்போது தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் கலப்பினம் செய்கிறவர்கள் செம்மஞ்சள், அடர் சிவப்பு, இரு நிறம், அடுக்குப் பூ எல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அவற்றில் பல, சாதாரண வகைகள் போல மளமளவென்று பெருகுவதில்லை. பாத்தியை நிரப்ப பழைய வகைகளே போதும், புதியவற்றைத் தொட்டியில் வைத்துக் கண்குளிரப் பாருங்கள்.

வெட்டிக் குவளையில் வைக்க வேண்டும் என்பவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், அமரில்லிஸ்தான். மொட்டு நிறம் காட்டும்போது வெட்டினால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். தண்டு குழலாக இருப்பதால் உள்ளே ஒரு மெல்லிய குச்சியைச் செருகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பூவின் கனத்தில் ஒடியும். அடிமுனை பிளந்து சுருளாமல் இருக்க நூலால் ஒரு சுற்று சுற்றுங்கள். மழை லில்லியைப் பறிக்காதீர்கள், தரையில் இருக்கும் வரைதான் அது அழகு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், வெப்பமான இடத்தில், தரையில், ஒரே ஒரு பாத்தி இருக்கிறது, வேலைக்கும் போய்வர வேண்டும் என்பவருக்கு நான் தயங்காமல் மழை லில்லியைச் சொல்வேன். நீங்கள் மறந்துபோன வாரங்கள்கூட அதற்கு உதவியாகத்தான் முடிகின்றன. தண்ணீர் விட மறந்தால் அமரில்லிஸில் இலை குறையும், மழை லில்லியில் மொட்டு காத்திருக்கும். பாத்தி கிடையாது, தொட்டி மட்டும்தான், தினமும் காலையில் ஐந்து நிமிடம் செடியோடு நிற்கப் பிடிக்கும் என்றால் அமரில்லிஸ். குளிர்நாட்டில் வீட்டுக்குள் வளர்க்கிறவர்களுக்கும் அதுவே. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அமரில்லிஸைத்தான் சொல்கிறேன். ஓய்வுக் காலத்தில் கிழங்கை எடுத்துத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தரையில் பரவிய மழை லில்லியை முழுவதுமாகத் தோண்டியெடுக்க யாராலும் முடியாது.

இரண்டும் வேண்டும் என்று மனம் கேட்டால் தடையில்லை, ஆனால் ஒரே தொட்டியில் சேர்த்து நடாதீர்கள். அமரில்லிஸ் இலை விடும் மாதங்களில் தொடர்ந்து ஈரம் கேட்கும், மழை லில்லி அதே நேரத்தில் காயக் கேட்கும். ஒன்றுக்கு நல்லது செய்தால் மற்றது பூக்காது. நான் மழை லில்லியைத் தரையில் முன்வரிசையாக விட்டு, அமரில்லிஸ் தொட்டிகளைச் சுவரோரம் தள்ளி வைத்திருக்கிறேன். தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி உண்டு. அதில் இந்தப் பருவத்தில் வந்த இலைகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதி வைப்பேன். அன்று நான் கத்தரித்துக் கெடுத்த அந்தச் சிவப்புக் கிழங்கின் குச்சியில் இந்த முறை ஒன்பது என்று இருக்கிறது.